ஊட்டி மலை ரெயிலுக்கு உயிர் கொடுக்கும் குன்னூர் ரெயில் நிலையம்: 125 ஆண்டுகளை கடந்தும் ஓயாத விசில் சத்தம்!

குன்னூர்:

காலை 10 மணியை தாண்டினால் போதும்... குன்னூர் ரெயில் நிலைய பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் காது தானாகவே பள்ளத்தாக்கு பக்கம் திரும்பி விடும். தூரத்தில் ஒரு விசில். கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு மேலே வெள்ளை புகை. அப்புறம் "தஸ்சு... புஸ்சு..." என்று மூச்சு வாங்கியபடி நீல நிற பெட்டிகளை முதுகால் முட்டி தள்ளிக்கொண்டு வந்து நிற்கும் நீராவி என்ஜின்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்கு புறப்பட்ட மலை ரெயில், 28 கி.மீ. தூரத்தை கடந்து குன்னூர் வந்து சேர ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகிறது. பஸ் இதைவிட குறைந்த நேரத்தில் குன்னூர் வந்து விடும். ஆனாலும் இந்த ரெயிலில் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள்தான் அதிகம்.

ரெயில் நின்றதும் பயணிகள் குதூகலமாக இறங்குகிறார்கள். டீ, வடை, போட்டோ, செல்பி. "இது என்ன ஊரு? ஊட்டி வந்துருச்சா?" என்று கேட்பவர்களும் உண்டு. கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கிறது. எல்லோரும் ஏறி ஊட்டிக்கு போய் விடுகிறார்கள். குன்னூர் அவர்களுக்கு வெறும் டீ குடிக்கிற ஸ்டேஷன்!

ஆனால் இந்த ஸ்டேஷன் இல்லை என்றால் ஊட்டி மலை ரெயிலே இல்லை என்பதுதான் உண்மை. என்ஜின் மாறுவது இங்கேதான். என்ஜினுக்கு வைத்தியம் பார்க்கிற லோகோ ஷெட் இருப்பதும் இங்கேதான். இன்னும் சொல்லப்போனால், முதல் 9 வருடம் மலை ரெயில் பாதை முடிந்ததே குன்னூரில்தான்.

45 வருட இழுபறி

ரெயில் வருவதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்தில் இருந்து நீலகிரிக்கு ஏறுவது என்பது பெரும்பாடு. மாட்டு வண்டி, குதிரை வண்டி, பல்லக்கு இவைதான் கதி. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தின் கோடைகால தலைநகராக ஊட்டி இருந்தது. வெயில் காலம் வந்தால் கவர்னர் முதல் குமாஸ்தா வரை கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு மலை ஏற வேண்டும். காபி, தேயிலை தோட்டங்களுக்கும் சரக்கு போக வர வேண்டும்.

மலைக்கு ரெயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-ம் ஆண்டிலேயே வந்து விட்டது. ஆனால் செங்குத்தான மலையில் எப்படி ரெயில் ஓட்டுவது என்பதற்கு விடை தெரியவில்லை. 1882-ம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டு என்ஜினீயர் ரிக்கன்பாக் நீலகிரிக்கு வந்து இடத்தை பார்வையிட்டார். அந்த நாட்டில் ரிகி மலைக்கு பல்சக்கர ரெயில் விட்டு சாதித்தவர் அவர்.

1891-ம் ஆண்டு சென்னை மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முன்னிலையில் வேலை தொடங்கியது. ஆனால் சில வருடங்களிலேயே வேலை எடுத்த கம்பெனி திவால் ஆகி விட்டது. பின்னர் புதிய கம்பெனி உருவாகி வேலையை கையில் எடுத்தது.

காடு, பாறை, அட்டை, யானை, மழை, காய்ச்சல்... இத்தனைக்கும் நடுவில் சம்மட்டியும் கடப்பாரையும் கொண்டு பாதை வெட்டியவர்கள் கூலி தொழிலாளர்கள். திட்டம் போட்டவர்கள் பெயர் ஏட்டில் இருக்கிறது. பாறை உடைத்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

கடைசியில் 1899-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி மேட்டுப்பாளையம்-குன்னூர் இடையே ரெயில் ஓடியது. யோசனை தோன்றி 45 வருடம் கழித்து!

குன்னூரோடு சரி!

அன்றைக்கு ரெயில் பாதை குன்னூரோடு சரி. ஊட்டிக்கு போகிறவர்கள் குன்னூரில் இறங்கி, மீதி தூரத்தை ரோட்டு வழியாக வண்டி பிடித்து போனார்கள். அதனால் குன்னூர் ஸ்டேஷன் ஒரு பெரிய சந்திப்பாக மாறியது.

1903-ம் ஆண்டு அரசாங்கம் இந்த பாதையை விலைக்கு வாங்கியது. பிறகு ஊட்டிக்கு பாதை நீட்டும் வேலை நடந்தது. 1908-ம் ஆண்டு செப்டம்பரில் பெர்ன்ஹில் வரையும், அதே ஆண்டு அக்டோபரில் ஊட்டி வரையும் ரெயில் போனது. மொத்த தூரம் 46 கி.மீ.

முதலில் கடைசி ஸ்டேஷனாக இருந்து, பிறகு நடு ஸ்டேஷனாக மாறியதன் அடையாளம் இன்றும் குன்னூரில் இருக்கிறது. இங்கே இருந்து ஊட்டிக்கு புறப்படும் ரெயில் நேராக முன்னால் போகாது. வந்த திசையிலேயே கொஞ்ச தூரம் பின்னோக்கி போன பிறகுதான் ஊட்டி பாதையை பிடிக்கும்.

முதல்முறை வருகிறவர்கள் "என்னங்க... வண்டி திரும்பவும் மேட்டுப்பாளையத்துக்கே போகுது?" என்று பதறுவது வழக்கம். பழகியவர்கள் சிரித்துக்கொண்டே "சும்மா உட்காருங்க, ஊட்டிக்குத்தான் போகுது" என்பார்கள்.

இந்தியாவிலேயே ஒன்றுதான்

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஸ்டேஷன் 1,700 மீட்டருக்கும் மேல். ஊட்டி ஸ்டேஷன் 2,203 மீட்டர்.

அதாவது ஊட்டிக்கு ஏற வேண்டிய உயரத்தில் பெரும்பகுதியை ரெயில் குன்னூர் வருவதற்குள்ளேயே ஏறி விடுகிறது. அதிலும் கல்லார் ஸ்டேஷன் வரை தரை கிட்டத்தட்ட சமம். உண்மையான ஏற்றம் கல்லார்-குன்னூர் இடையேதான். சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி முன்னால் நகர்ந்தால் 1 அடி மேலே ஏற வேண்டும். சாதாரண ரெயில் என்றால் சக்கரம் வழுக்கி பின்னால் வந்து விடும்.

இதற்காகத்தான் 2 தண்டவாளங்களுக்கு நடுவே பல் பலாக வெட்டிய இரும்பு பட்டைகள் பதிக்கப்பட்டு உள்ளன. என்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் இந்த பற்களை கவ்வி கவ்வி ஏறுகிறது. பட்டைகள் 2 வரிசையாக, ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றொன்றின் பள்ளம் வருகிற மாதிரி அமைக்கப்பட்டு இருக்கும். எந்த நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்க வேண்டும் என்பதே இதன் சூட்சுமம். சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தில் ஓடும் ஒரே ரெயில் பாதை இதுதான்.

இந்த பகுதியில் மணிக்கு 13 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. நன்றாக சைக்கிள் மிதிக்கிறவர் சமவெளியில் இதை முந்தி விடுவார்! மொத்த பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் உள்ளன.

இழுப்பது இல்லை... தள்ளுவது!

மற்ற ரெயில்களில் என்ஜின் முன்னால் இருந்து இழுக்கும். மேட்டுப்பாளையம்-குன்னூர் இடையே மட்டும் என்ஜின் கடைசியில் நின்று பெட்டிகளை தள்ளிக்கொண்டு வரும். காரணம் பாதுகாப்பு. ஒருவேளை பெட்டி இணைப்பு அறுந்தாலும், கீழே என்ஜின் நிற்பதால் பெட்டி உருண்டு ஓடாது. இறங்கும்போதும் அப்படித்தான். பள்ளத்து பக்கம் என்ஜின் நின்று பெட்டிகளை தாங்கி பிடித்துக்கொண்டே இறங்கும்.

அதுமட்டும் அல்ல. பெட்டிக்கு பெட்டி பிரேக்ஸ்மேன் உண்டு. என்ஜின் டிரைவர் கொடுக்கிற விசில் சத்தத்தை வைத்து எப்போது பிரேக் போட வேண்டும், எப்போது விட வேண்டும் என்று புரிந்துகொண்டு கையால் பிரேக்கை இயக்குவார்கள். பயணிகள் அருவியையும், தேயிலை தோட்டத்தையும் பார்த்து கத்தி ஆர்ப்பரிக்கும்போது, இவர்களின் காது மட்டும் விசில் மேலேயே இருக்கும். மழையோ, பனியோ, வெயிலோ வெளியே நின்றுதான் வேலை. ஒரு விசிலை தவற விட்டாலும் ஆபத்து.

குன்னூருக்கு மேலே ஏற்றம் குறைவு. பல்சக்கரம் தேவை இல்லை. அதனால் நீராவி என்ஜின் குன்னூரில் கழற்றப்பட்டு, டீசல் என்ஜின் மாட்டப்படுகிறது. திரும்பி வரும்போது டீசல் என்ஜின் ஓய்வு எடுக்க, நீராவி என்ஜின் மறுபடியும் தோள் கொடுக்கிறது. நாள் தவறாமல் இந்த மாற்றம் குன்னூரில் நடக்கிறது.

கடையில் கிடைக்காத உதிரி பாகம்

இந்த பாதையின் புகழ் பெற்ற "எக்ஸ்" ரக நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்து நாட்டின் விண்டர்தூர் நகரில் தயாரானவை. 1914-ம் ஆண்டில் இருந்து 1952-ம் ஆண்டு வரை பல கட்டமாக வந்தன. ஒரே என்ஜினுக்குள் 2 என்ஜின் மாதிரி இதன் அமைப்பு. 2 சிலிண்டர்கள் சாதாரண சக்கரத்தை சுற்றும். அதில் இருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற 2 சிலிண்டர்களுக்கு அனுப்பி, அதைக்கொண்டு பல்சக்கரத்தை சுற்ற வைப்பார்கள்.

இத்தனை வயதான என்ஜினுக்கு ஒரு போல்ட் உடைந்தால் கூட கடையில் போய் வாங்க முடியாது. குன்னூர் லோகோ ஷெட்டில் கழற்றி, அளவு எடுத்து, பழுது பார்க்க வேண்டும். பெரிய வேலை என்றால் திருச்சி பொன்மலை ரெயில்வே பணிமனைக்கு போக வேண்டும்.

பொன்மலை தொழிலாளர்கள் பழுது பார்ப்பதோடு நிற்கவில்லை. 2011-ம் ஆண்டு தொடங்கி, பழைய எக்ஸ் ரகத்தின் வடிவத்திலேயே எண்ணெயில் இயங்கும் புதிய நீராவி என்ஜின்களை அவர்களே கட்டி மலைக்கு அனுப்பினார்கள். பிறகு நிலக்கரியில் இயங்கும் என்ஜினையும் உருவாக்கினார்கள். வெள்ளைக்காரன் வெளிநாட்டில் இருந்து கப்பலில் இறக்கிய என்ஜினை, நம் ஊர் பிட்டர்களும் வெல்டர்களும் இங்கேயே செய்து காட்டி விட்டார்கள்!

நீராவி என்ஜினை சாவி போட்டு கிளப்ப முடியாது. தண்ணீர் சூடாகி, ஆவி கட்டி, தயாராக மணிக்கணக்கில் ஆகும். பயணிகள் ஓட்டல் அறையில் தூங்கும்போதே என்ஜினுக்கு கீழே ஒருவர் குனிந்து எண்ணெய் விட்டுக்கொண்டு இருப்பார்.

மழை வந்தால் திக்... திக்...

வடகிழக்கு பருவமழை வந்து விட்டால் குன்னூர் பாதைக்கு சோதனை காலம். மண் சரியும். பாறை உருளும். மரம் விழும். தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். ரெயில் ரத்து என்ற அறிவிப்பு அடிக்கடி வரும்.

2009-ம் ஆண்டு நவம்பர் மாதம் பெய்த பேய் மழையை நீலகிரி மக்கள் மறக்கவே மாட்டார்கள். மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மலை ரெயில் பாதையும் பல இடங்களில் சின்னாபின்னமானது. அதை சரி செய்ய மாதக்கணக்கில் ஆனது.

ஒவ்வொரு முறையும் பாதையை மீட்டு எடுப்பவர்கள் டிராக்மேன்கள் என்கிற பாதை தொழிலாளர்கள். பெரிய எந்திரங்களை கொண்டு போக வழி இல்லாத இடங்களில் கை, கடப்பாரை, மண்வெட்டிதான் துணை. யானை நடமாட்டம் உள்ள காட்டுக்குள் நடந்தே போய் தண்டவாளத்தை சோதிக்க வேண்டும்.

யானைகளுக்கும் இந்த பாதை சொந்த வழித்தடம்தான். 2022-ம் ஆண்டு தண்டவாளத்தின் ஓரம் எழுப்பப்பட்ட தடுப்பு சுவரால் யானைகள் காட்டுக்குள் போக முடியாமல் தவிப்பதாக எதிர்ப்பு கிளம்பியது. அதன்பிறகு அந்த சுவர் இடிக்கப்பட்டது. பாதையை காப்பாற்ற கட்டுகிற சுவர் யானையை முடக்கி விடக்கூடாது என்ற பாடம் அப்போது கிடைத்தது.

உலக அரங்கில் கிடைத்த பெருமை

2005-ம் ஆண்டு ஜூலை மாதம் நீலகிரி மலை ரெயிலை உலக பாரம்பரிய சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. 1999-ம் ஆண்டு டார்ஜிலிங் மலை ரெயிலுக்கு இந்த பெருமை கிடைத்தது. அடுத்து நீலகிரி. 2008-ம் ஆண்டு கல்கா-சிம்லா ரெயிலும் இந்த பட்டியலில் சேர்ந்தது.

சினிமாக்காரர்களுக்கும் இந்த பாதை மீது தனி ஆசை. கமல்ஹாசன்-ஸ்ரீதேவி நடித்த "மூன்றாம் பிறை" படத்தின் உருக வைக்கும் கடைசி காட்சி, குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள கேத்தி ரெயில் நிலையத்தில் எடுக்கப்பட்டது. ஷாருக்கான் ஓடும் ரெயில் மேல் ஆடிய "உயிரே" படத்தின் பாட்டும் இந்த மலை ரெயிலில் எடுக்கப்பட்டதுதான்.

டூரிஸ்ட்டுக்கு மட்டுமா?

வெளியூர்க்காரர்களுக்கு இது பொம்மை ரெயில். ஆனால் உள்ளூர் ஜனங்களுக்கு இது அன்றாட வண்டி. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஸ்டேஷன்கள் உள்ளன. வெலிங்டனில் ராணுவ பயிற்சி கல்லூரி. அருவங்காட்டில் வெடிமருந்து தொழிற்சாலை. வேலைக்கு போகிறவர்கள், பள்ளிக்கூட பிள்ளைகள், மார்க்கெட்டுக்கு மூட்டையோடு போகிறவர்கள் என்று எத்தனையோ தலைமுறைகள் இதில் ஏறி இறங்கி இருக்கின்றன.

2018-ம் ஆண்டு மலை ரெயில் கட்டணம் கணிசமாக உயர்த்தப்பட்டபோது உள்ளூர் மக்களிடம் முணுமுணுப்பு எழுந்தது அதனால்தான். சுற்றுலாவுக்கு வருகிறவர் வருடத்தில் ஒருமுறை டிக்கெட் எடுப்பார். அவருக்கு அது ஒரு செலவே இல்லை. தினமும் போகிறவருக்கு அப்படி இல்லையே.

2020-ம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கில் ரெயில் நின்றபோது குன்னூர் ஸ்டேஷன் வெறிச்சோடியது. விசில் சத்தம் இல்லாத பகல்கள் குன்னூர்க்காரர்களுக்கு புதிது. ஆட்டோ, டாக்சி ஓட்டுபவர்கள், டீக்கடைக்காரர்கள், வர்க்கி, தேயிலைத்தூள் விற்பவர்கள் என்று இந்த ஒரு ரெயிலை நம்பி எத்தனை அடுப்பு எரிகிறது என்பது அப்போதுதான் ஊருக்கே புரிந்தது.

விசில் தொடருமா?

ஸ்டேஷனுக்கு பக்கத்தில் உள்ள லெவல் கிராசிங்கில் கேட் போட்டு விட்டால் பஸ், லாரி, கார் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். அவசரமாக போகிறவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் புகை கக்கிக்கொண்டு என்ஜின் கண்ணில் பட்டதும், திட்டிக்கொண்டு இருந்தவரே செல்போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்து விடுவார்!

2023-ம் ஆண்டு, பாரம்பரிய மலை ரெயில் பாதைகளில் ஹைட்ரஜனில் ஓடும் ரெயில்களை கொண்டு வரும் திட்டத்தை ரெயில்வே அறிவித்தது. அதில் நீலகிரி பாதையின் பெயரும் இருந்தது. புகை இல்லாத வண்டி வருவது காட்டுக்கு நல்லதுதான். ஆனால் புது வண்டி வருகிறது என்பதற்காக நீராவி என்ஜினை மூலையில் நிறுத்தி கண்காட்சி பொருளாக்கி விடக்கூடாது.

ஏனென்றால் யுனெஸ்கோ பெருமை கொடுத்தது வெறும் தண்டவாளத்துக்கும் கட்டிடத்துக்கும் மட்டும் அல்ல. பல்சக்கரத்தை கவ்வி மலை ஏறும் அந்த தொழில்நுட்பத்துக்கு. அதை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பது லோகோ ஷெட் தொழிலாளியின் கை, பிரேக்ஸ்மேனின் காது, டிராக்மேனின் கால். இந்த வேலை புத்தகத்தை படித்து வருவது இல்லை. மூத்தவர் செய்வதை பக்கத்தில் நின்று பார்த்து இளையவர் கற்றுக்கொள்வது. ஒரு தலைமுறை விட்டுப்போனால் எந்த விலை கொடுத்தாலும் திரும்ப கிடைக்காது.

நீராவி என்ஜின் ஓட்டவும், பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுவதற்கு முன்பே இளைஞர்களை சேர்த்து பயிற்சி கொடுக்க வேண்டும், ஸ்டேஷனை புதுப்பிக்கும்போது அதன் பழைய முகம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், உள்ளூர் மக்களுக்கு கட்டுப்படியாகிற டிக்கெட் இருக்க வேண்டும். குன்னூர் ஸ்டேஷன் இன்னொரு 125 வருடம் நிலைக்க இதைவிட பெரிதாக எதுவும் தேவை இல்லை.

ஊட்டிக்கு மலை ரெயிலில் போகிறவர்கள் அடுத்தமுறை குன்னூரில் டீ குடிக்க இறங்கும்போது, கொஞ்சம் என்ஜின் பக்கமும் நடந்து போய் பாருங்கள். கையெல்லாம் கரியும் எண்ணெயுமாக ஒருவர் நின்றுகொண்டு இருப்பார். அவரையும் ஒரு போட்டோ எடுக்கலாமே!